டிசம்பர் கடைசியில் சென்னையை விட்டுப் போகாதீர்கள்

கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை மாறித் திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தபின் இது முதல் டிசம்பர். மகளுக்கு எட்டு வயது, அரையாண்டு விடுமுறைக்கு மாமியாரும் வருகிறார். ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பலாமா, இல்லை சென்னையிலேயே இருந்தால் பொழுது போகுமா? கச்சேரி பற்றி ஒன்றும் தெரியாது, கூட்டம் ஆகாது, செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

இருங்கள். தாராளமாக இருங்கள். வருடம் முழுக்க வெயிலையும் புழுக்கத்தையும் தாங்கிக்கொண்டு இந்த ஊரில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஊர் திருப்பிக் கொடுப்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரையிலான அந்த ஒரு மாதத்தில்தான். விடியற்காலையில் 21 டிகிரி அளவுக்கு இறங்கும், பகலில் 29, 30ஐத் தாண்டுவது குறைவு. அந்த நேரத்தில் ஊட்டிக்குப் போனால் மேட்டுப்பாளையத்திலிருந்தே வண்டிகள் வரிசையில் நிற்கும், அறை வாடகை வேறு ஏறியிருக்கும். மலைக்கு பிப்ரவரியில் போய்க்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, டிசம்பர் முதல் பாதியை நம்ப வேண்டாம். 2015 வெள்ளம் டிசம்பர் 1, 2ல் வந்தது, வர்தா புயல் 2016 டிசம்பர் 12ல், மிக்ஜாம் 2023 டிசம்பர் முதல் வாரத்தில். வடகிழக்குப் பருவமழை கடைசி நேரத்தில் ஒரு காட்டு காட்டிவிட்டுத்தான் பெரும்பாலும் போகும். மார்கழி பிறக்கும் டிசம்பர் 16 வாக்கில் வானம் தெளிய ஆரம்பிக்கும். உங்கள் விடுமுறை அதற்கு அப்புறம்தான் என்பதால் கவலை கொஞ்சம் குறைவு. மழை வந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, ஒரு முழுப் பகலும் அங்கே ஓடிவிடும்.

புதிதாக வந்தவர்கள் பலர் செய்வது, பட்டியல் போட்டுக்கொண்டு ஒரே நாளில் மெரினா, மயிலாப்பூர், சாந்தோம், தி.நகர், ஏதாவது ஒரு மால் என்று காரில் சுற்றுவது. பாதி நேரம் சிக்னலில் போய்விடும், வீட்டுக்கு வரும்போது எல்லோருக்கும் எரிச்சல். இந்த ஊரை இந்த மாதத்தில் பேட்டை பேட்டையாகத்தான் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்று போதும். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டு, பகலில் தூங்கி, மறுபடி நான்கு மணிக்கு மேல் வெளியே வாருங்கள். கூட்டம் ஆகாது என்கிறீர்களே, அதற்கு மருந்தும் இதுதான். நல்ல விஷயங்களில் பெரும்பகுதி காலையில் நடக்கிறது, அதில் பெரும்பகுதிக்குக் காசும் கிடையாது.

முதல் நாள் மயிலாப்பூர். மெட்ரோ வேலைக்காக அந்தப் பக்கத்துச் சாலைகளைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், நிறுத்த இடமும் கிடைக்காது, அதனால் காரை எடுக்காமல் பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். ஆறு மணிக்கு முன்னால் மாட வீதிகளில் இருந்தால் வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சில வாசல்களில் இன்னும் சாண உருண்டையில் பரங்கிப்பூ செருகி வைக்கிறார்கள், அதை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். கோயிலைச் சுற்றிப் பஜனை கோஷ்டி வரும். இதே வீதிகளில்தான் கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் மார்கழி மாதம் பஜனை பாடிக்கொண்டு வலம் வந்தார். மேடை கிடையாது, மைக் பெரும்பாலும் கிடையாது, பின்னால் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம், மாமியாருக்குத் திருப்பாவை வரும் என்றால் சேர்ந்து பாடவும் செய்யலாம். அப்படியே கபாலீசுவரர் தரிசனம், வெளியே வந்து இட்லி, காபி. திருவாதிரை நாளில் போனால் களியும் கூட்டும் கிடைக்கும், ஆனால் அன்று கூட்டம் அதிகம். மயிலாப்பூரை அத்துடன் விட்டுவிடாமல் ஜனவரி முதல் பாதியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும் மாலை ஒன்றில் மறுபடி வந்து பாருங்கள். தெருவையே அடைத்துவிட்டுத் தரையில் சிறு சிறு கட்டங்கள் பிரித்துக் கொடுக்கிறார்கள், பாட்டிகளும் பள்ளிக்கூடப் பெண்களும் அடுத்தடுத்து உட்கார்ந்து புள்ளி வைப்பார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு எந்த மாலிலும் கிடைக்காத காட்சி அது.

இனி கச்சேரி. தெரியாது என்பதற்காக ஒதுங்க வேண்டாம், இதை நான் அழுத்திச் சொல்வேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது, அதன் தொடர்ச்சியாக 1928ல் மியூசிக் அகாடமி வந்தது, அங்கிருந்து வளர்ந்து வளர்ந்து இன்று டிடிகே சாலை, மயிலாப்பூர், தி.நகர் என்று ஏகப்பட்ட சபாக்களில், அதாவது கச்சேரி நடத்தும் அமைப்புகளில், ஒரே சமயத்தில் கச்சேரி நடக்கிறது. 2017ல் யுனெஸ்கோ சென்னையைத் தன் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சேர்த்ததற்கும் இந்த இசை மரபுதான் காரணம். இவ்வளவு பெரிய விழா வீட்டுப் பக்கத்தில் நடக்கும்போது ஒரு நாளாவது போய் உட்காராமல் இருப்பது பெரிய இழப்பு.

எங்கே தொடங்குவது என்றால், பெரிய பெயர்கள் பாடும் மாலைக் கச்சேரிக்கு முட்டி மோதி டிக்கெட் வாங்க வேண்டாம். பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை. இளம் பாடகர்கள் பாடுவார்கள், அரங்கம் பாதிதான் நிரம்பியிருக்கும், பிடித்தால் இருக்கலாம், பிடிக்காவிட்டால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடலாம். நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவர்களை இன்றைக்கே பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பது எனக்கு மாலைக் கச்சேரியை விடப் பிடித்த விஷயம். பாடுவது புரியாதே என்று பயம் இருந்தால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். மேடையில் பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஒலித்த காலத்தில் தமிழ்ப் பாட்டுக்கும் உரிய இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்தில் 1943ல் பிறந்தது தமிழ் இசைச் சங்கம், டிசம்பர் கடைசிப் பத்து நாட்களில் அங்கே விழா நடக்கும். தேவாரம், அருணாசலக் கவி, கோபாலகிருஷ்ண பாரதி பாட்டுகள் என்று சொல் புரிந்து கேட்கும்போது ராகம் தானாகப் பிடிபடும். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.

முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டொரு குறிப்பு. வர்ணத்தில் ஆரம்பித்துச் சிறு பாட்டுகள் வழியாக ஏறி, நடுவில் ஒரு பெரிய உருப்படிக்கு வருவார்கள், அதில் ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாகப் பாடுவது), ஸ்வரம் (சரிகம என்று பாடுவது) எல்லாம் விரிவாக இருக்கும், அதன் முடிவில் மிருதங்கக்காரரும் கடம் வாசிப்பவரும் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம். அந்தத் தனியின்போதுதான் கூட்டம் காபிக்கு எழுந்து போகும். நீங்கள் போகாதீர்கள். ராகம் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உடனே பிடித்துப்போகிற பகுதி அதுதான், மகளைத் தாளம் போடச் சொல்லுங்கள். கடைசியில் துக்கடாக்கள் என்ற சிறு பாட்டுகள், தெரிந்த பாட்டு ஒன்றாவது வரும். போனை அணைத்து வையுங்கள், படம் எடுக்க அனுமதி பெரும்பாலும் இல்லை. அரங்குகளில் ஏசி கடுமையாக இருக்கும், மாமியாருக்குச் சால்வை அவசியம். உடை பற்றிக் கவலைப்பட வேண்டாம். பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே சாதாரணமாகப் போய் உட்காருங்கள், யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை நீங்கள்.

குழந்தைக்குப் பாட்டை விட நடனம் சீக்கிரம் பிடிக்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் டிசம்பர் கடைசி வாக்கில் விழா உண்டு. ருக்மிணி தேவி 1936ல் தொடங்கிய நிறுவனம், அந்த மரங்களுக்கு நடுவே நடந்து அரங்கத்துக்குப் போவதே ஒரு சுகம். மியூசிக் அகாடமியிலும் ஜனவரி முதல் வாரத்தில் நாட்டிய விழா வரும்.

சபா கேன்டீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே சாப்பிடப் பல இடங்களில் கச்சேரி டிக்கெட்டே வேண்டாம், நேராகப் போய் டோக்கன் வாங்கலாம். காலையில் பொங்கல், ரவா தோசை, மதியம் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் அடை அவியல், வாழைப்பூ வடை, காசி அல்வா, திருவையாற்று அசோகா. ஒவ்வொரு வருடமும் எந்தச் சபாவில் எந்தச் சமையல்காரர் என்பது மாறும், இந்த வருடம் எங்கே நன்றாக இருக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாமாவிடம் கேட்டால் ஆறு சபாக்களுக்கும் விமர்சனம் கொடுத்துவிடுவார். விலை தெருவோர ஓட்டலை விடக் கூடத்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், ஒரு மணிக்குப் போனால் நிற்க வேண்டியிருக்கும்.

திருவல்லிக்கேணிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பார்த்தசாரதி கோயிலில் இது பகல் பத்து, இராப் பத்துக் காலம், அதாவது வைகுண்ட ஏகாதசிக்கு முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்து நாள் நடக்கும் உற்சவம். வைகுண்ட ஏகாதசி அன்று விடியலில் பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க நள்ளிரவிலிருந்தே வரிசை நிற்கும். ஸ்ரீரங்கத்து ஏகாதசியைப் பார்த்திருக்கக்கூடிய உங்கள் மாமியாருக்கு இங்கே எல்லாம் சின்னதாகத்தான் தெரியும், அதனால் அன்றைக்குப் போய் நெருக்கடியில் மாட்டாமல், ஏகாதசிக்கு அப்புறம் வரும் இராப் பத்து மாலை ஒன்றில் போங்கள், பிரபந்தம் ஓதுவதை நின்று கேட்க முடியும். பக்கத்தில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அப்படியே கடற்கரைச் சாலைக்கு வந்தால் விவேகானந்தர் இல்லம். 1842ல் கட்டிய அந்த வட்டக் கட்டடத்தில்தான் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைத்தார்கள், அதனால்தான் இன்றும் அந்த இடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த ஐஸ், மரத்தூளில் பொதிந்து, பூமியின் அந்தப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் வந்தது என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே அந்தச் சாயங்காலம் போதாது.

கிறிஸ்துமஸ் இந்த ஊரின் பழைய பண்டிகைகளில் ஒன்று. லஸ் தேவாலயம் 1516 காலத்தது, கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் 1680ல் திறக்கப்பட்டது, எழும்பூர் கிர்க் என்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1821. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற சேர்ந்திசைக் குழு 1893லிருந்து பாடி வருகிறது. டிசம்பர் முழுக்க ஏதாவது ஒரு தேவாலயத்தில் கரோல் பாடல் ஆராதனை இருக்கும், வாசலிலேயே தேதி எழுதி வைத்திருப்பார்கள், வேறு மதத்தவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பதை யாரும் தடுப்பதில்லை. 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குச் சாந்தோமில் பெருங்கூட்டம் சேரும். நீங்கள் 26 அல்லது 27ஆம் தேதி மாலையில் போங்கள், குடில் அப்படியே இருக்கும், விளக்குகளும் இருக்கும், நிதானமாகப் பார்க்கலாம், கீழே புனித தோமாவின் கல்லறைச் சிற்றாலயத்துக்கும் போய் வரலாம். கேக் வாங்க வேப்பேரிப் பக்கம் போங்கள். ஸ்மித் ஃபீல்ட் மாதிரியான பழைய பேக்கரிகள் அங்கே இருக்கின்றன, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பிளம் கேக் வாங்குகிற வட்டாரம். ரோஸ் குக்கியும் குல்குல் என்ற பொரித்த இனிப்பும் கிடைத்தால் விடாதீர்கள். நம் வீட்டு அச்சு முறுக்குக்கு நெருங்கிய சொந்தம் அந்த ரோஸ் குக்கி, மாமியார் ஒரு கடி கடித்தவுடன் சொல்லிவிடுவார். காகித நட்சத்திரம் பாரிமுனையில் மலிவு, தமிழ் இசைச் சங்கத்துக்குப் போகும் நாளில் அதையும் முடித்துக்கொள்ளலாம். மால்களில் பெரிய மரமும் விளக்கும் வைத்திருப்பார்கள், ஒரு மாலை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் சரி, அதற்கு மேல் அங்கே ஒன்றுமில்லை.

டிசம்பர் 31 இரவு குழந்தையோடு வெளியே போகாதீர்கள். கடற்கரையில் மணலுக்குப் போகப் போலீஸ் விடமாட்டார்கள், மேம்பாலங்களை மூடுவார்கள், பைக் பையன்களின் ஆட்டம் வேறு. வீட்டு மொட்டை மாடியில் நில்லுங்கள், துறைமுகம் பக்கம் வீடு என்றால் பன்னிரண்டு மணிக்குக் கப்பல்கள் ஊதுவது கேட்கும். மறுநாள் விடியலில் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் பாதி ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்.

புத்தகக் காட்சி. டிசம்பர் கடைசியிலோ ஜனவரி முதல் பாதியிலோ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கும், 1977லிருந்து நடக்கிறது, நந்தனம் மெட்ரோவில் இறங்கினால் எதிரிலேயே. தமிழில் புத்தகம் படிக்கிற ஒருவருக்கு இந்த ஊரின் உண்மையான பண்டிகை இதுதான் என்று சொல்வேன். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். வார நாளில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். பத்து சதவீதம் தள்ளுபடி எல்லாக் கடையிலும் வழக்கம். முதல் சுற்றில் எதுவும் வாங்காமல் வரிசை வரிசையாக நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் வாங்குங்கள், பை கனக்க ஆரம்பித்தால் நடக்க முடியாது. மகளிடம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, உனக்கு வேண்டியதை நீயே எடு என்று விட்டுவிடுங்கள். அவள் எடுப்பது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், இருந்தாலும் வாங்கிக் கொடுங்கள். எழுத்தாளர்கள் கடைகளில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், போய்ப் பேசலாம், கையெழுத்து வாங்கலாம்.

இந்தக் குளிருக்கு வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகளையும் பார்க்க வேண்டும், பறவைகளைச் சொல்கிறேன். வேடந்தாங்கல் சுமார் 80 கிலோமீட்டர், அதிகாலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். ஏரி நிறைந்திருக்கும் வருடத்தில் மரங்களே தெரியாத அளவுக்குக் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் உட்கார்ந்திருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து அந்த ஊர் மக்களே தலைமுறைகளாக வேட்டைக்காரர்களை விரட்டிக் காத்த இடம் அது. அவ்வளவு தூரம் முடியாது என்றால் பள்ளிக்கரணை. ஊரின் குப்பைமேடு ஒரு பக்கம், 2022ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலத் தகுதி பெற்ற சதுப்புநிலம் மறு பக்கம். பரப்பில் எவ்வளவோ இழந்துவிட்ட அந்த நிலத்தில் இன்னும் பூநாரைகள் வந்து இறங்குகின்றன என்பதைப் பார்க்கும்போது சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வரும்.

ஜனவரியிலிருந்து கடலாமைகள் முட்டையிடக் கரையேறும். மாணவர்கள் 1988ல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, வார இறுதிகளில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். சுமார் ஏழு கிலோமீட்டர் மணலில் நடை, நள்ளிரவு, ஆமை தென்படும் என்ற உத்தரவாதம் இல்லை. உங்களில் ஒருவர் மட்டும் போய் வாருங்கள். மகளை மார்ச், ஏப்ரலில் குஞ்சுகளைக் கடலில் விடும் மாலைக்கு அழைத்துப்போங்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவும் இந்த நடையைச் சொல்கிறேன்.

மாமியார் பொங்கல் வரை இருப்பாரா? இருந்தால் நல்லது. போகி அன்று காலைப் புகை மூட்டத்தில் வெளியே போக வேண்டாம், ஆஸ்துமா இருப்பவர்கள் ஜன்னலையும் மூடிவைக்க வேண்டும், சில வருடங்களில் விமானங்களே தாமதமாகியிருக்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாட்களில் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கரும்பும் மஞ்சள் கொத்தும் மொச்சையும் பனங்கிழங்கும் குவிந்து கிடக்கும், அங்கேயே வாங்குங்கள். பொங்கலுக்கு ஊரே காலியாகிவிடும், அண்ணா சாலையைச் சாவகாசமாகக் கடக்கலாம், பூங்காக்களிலும் மைதானங்களிலும் சென்னை சங்கமம் கலைநிகழ்ச்சிகள் நடக்கும், பறையும் ஒயிலாட்டமும் கரகமும் இலவசமாகப் பார்க்கலாம். காணும் பொங்கல் அன்று மட்டும் மெரினாவும் வண்டலூரும் வேண்டாம்.

ஒரு நடைமுறை விஷயம், இதை இப்போதே செய்துவிடுங்கள். மாமியாரின் திரும்பும் டிக்கெட்டைப் பொங்கலுக்கு முன்னால் போட நினைத்தால் ரயிலில் இடம் கிடைக்காது, கிளாம்பாக்கத்தில் பேருந்துக்கும் அடிபிடியாக இருக்கும். காணும் பொங்கலுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ போடுங்கள். அப்போது கூட்டமெல்லாம் சென்னையை நோக்கி வந்துகொண்டிருக்கும், திருச்சி போகிற வண்டியில் ஜன்னலோர இருக்கையே கிடைத்துவிடும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் திறக்கிறது.